கோட்டைத் தோட்டத்தின் பதினேழாம் பாத்தி

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆதிரை தூங்கினால்தான் எனக்குக் கை ஒழியும் என்று முன்பெல்லாம் சாக்குச் சொல்வேன். இப்போதும் அவள் தூங்கத்தான் செய்கிறாள். ஆனால் மத்திகிரியில் எங்கள் வீட்டில் இல்லை. ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், நெஞ்சில் மூன்று ஒயர்களோடு தூங்குகிறாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே போனில் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கட்டிலை ஒட்டிய மேசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுப்பார்களே, அது. உள்ளே மூன்று கறுப்புப் பழங்கள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் சிறியவை, எண்ணெய் தடவியதுபோல மினுக்கம். ஒவ்வொன்றும் ஐந்து முனையுள்ள பச்சை நட்சத்திரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழத்தின் ஊதாச் சாறு ஆதிரையின் நகக்கண்ணில் ஏறியிருக்கிறது. ஈரத்துணியால் எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. என் கையை மோந்து பார்க்கிறேன். இலையைக் கசக்கிய வாடை இன்னும் இருக்கிறது.

அது உன் பெட்டியில் இருந்த விதையிலிருந்து வந்த பழம். அதைத்தான் என் மகள் தின்றுவிட்டாள்.

கிருஷ்ணகிரியில் தாவரவியல் படித்த மூன்று வருஷமும் நமக்கு ஒரே பெஞ்சு. இலையைப் பார்த்ததுமே நான் செடியின் பெயரை உளறிவிடுவேன். நீ பிளேடை எடுத்து என் கையில் திணிப்பாய். "பூவ அறுத்துப் பாக்காம பேர் சொல்லாதடி." நான் அறுப்பேன், எண்ணுவேன், பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். "உனக்கு மார்க் போடறவங்களுக்குப் புண்ணியம்" என்பாய்.

பிறகு இருவரும் பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் சேர்ந்தோம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, டச்சு நாட்டிலிருந்து வந்த ரோஜா நாற்றுகள். நான் கல்யாணமாகி நின்றுவிட்டேன். உன்னை அந்த நாட்டுக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தும் நீ திரும்பவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பழைய கோட்டையின் தாவரத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். அப்போது ஆதிரை பிறந்து இருபது நாள். விடிய விடியப் பால் கொடுத்துக்கொண்டு, ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நீ அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்பேன். மற்றவர்கள் அந்தச் சமயத்தில் தாலாட்டுப் பாடுவார்கள். நான் டச்சுக் கோட்டையின் வரலாறு கேட்டேன்.

"கோட்டைன்னா நம்ம ராயக்கோட்டை மாதிரி நெனச்சுக்காத. இங்க மலையே கெடையாது. வயக்காட்டுக்கு நடுவுல, சுத்தியும் தண்ணி, நடுவுல ஒரு செங்கல் வீடு. நம்ம ஊரு கல்யாண மண்டபம் இதவிடப் பெருசுடி."

முதலில் அங்கே இருந்தது ஒரு கோபுரம் மட்டும்தானாம். கல் கிடைக்காத களிமண் நாடு என்பதால் எல்லாமே சுட்ட செங்கல். ஒரு சின்னப் பிரபு பக்கத்து ஊர்ப் பிரபுவுக்குப் பயந்து கட்டியது. பயந்தபடியே அவன் ஆட்களோடு வந்து கொளுத்திவிட்டுப் போனான். கரிபிடித்த சுவர்களுக்குள் ரொம்ப காலம் மாடு கட்டியிருக்கிறார்கள். பிறகு கப்பல் வைத்திருந்த வணிகக் குடும்பம் ஒன்று அதை வாங்கியது. அம்பு எய்கிற துளைகளை இடித்துவிட்டுப் பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். அகழியை மட்டும் அழகுக்காக விட்டுவைத்தார்கள்.

கேட்டதோடு விடுகிற ஆளா நீ? அவ்வளவு கண்ணாடி போட எங்கிருந்து பணம் வந்தது என்று தோண்டினாய். மிளகு, பட்டை, நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணி. "துணி மட்டும் இல்லடி. பஞ்ச காலத்துல நம்ம கரையில ஆளுங்களையே வாங்கிக் கப்பல்ல ஏத்தியிருக்கானுங்க. சுத்திக் காட்டறவரு இத சொல்லவே இல்ல. நான் கேட்டன். இன்னைக்கு வெயில் நல்லா இருக்குதுல்லன்னுட்டு போயிட்டாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பின்னால் ஏதோ பறவை கத்தியது. அந்தச் சத்தமும் என் போனில் பதிவாகி இருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் ஒரு மகனுக்குக் கப்பல் பிடிக்கவில்லை. வைத்தியம் படித்தார். தோட்டம் அவர் போட்டதுதான். நாடு திரும்பும் மாலுமிகளிடம் பூ, விதை, நாற்று எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொல்வாராம். முக்கால்வாசி நாற்றுகள் உப்புக்காற்றில் கருகிப்போகும். பிழைத்து வந்த பட்டை மரக் கன்றுக்குக் கண்ணாடி வீடு கட்டி, குளிர்காலம் முழுக்க அடுப்பெரித்து, முறை வைத்து ஆள் காவல் இருந்திருக்கிறார்கள். ஆரஞ்சு மரங்களைச் சக்கரம் வைத்த தொட்டிகளில் வளர்த்து, பனி விழும் முன்பு உள்ளே தள்ளிக்கொண்டு போவார்களாம். "நம்ம ஊர்ல மாட்டக் கொட்டாய்க்குள்ள ஓட்டற மாதிரியே ஓட்டறோம்டி, இன்னைக்கும்" என்றாய்.

இன்னொன்றும் சொன்னாய். அதை நான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த வைத்தியர் சமையற்கட்டு மதிலுக்குப் பின்னால் விஷச் செடிகளுக்கென்று தனிப் பாத்திகள் வைத்திருந்தார். மற்ற பாத்திகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை உண்டு. இவற்றுக்குக் கிடையாது, வெறும் எண்தான். பெயர் தெரிந்தால் வேலைக்காரர்கள் பறித்து விற்றுவிடுவார்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எந்த எண்ணில் எந்தச் செடி என்பது அவருடைய பேரேட்டில் மட்டும் இருக்கும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நேர் நேரான பாத்திகளை அழித்துப் புல்வெளியாக்கினார்கள். உலக யுத்தத்தில் சோறில்லாத குளிர்காலத்தில் புல்வெளியைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள், துலிப் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். கடைசி வாரிசு எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை நடந்தும் மதிலுக்குப் பின்னாலிருந்த பாத்திகளை யாரும் தொடவில்லை. எண்களும் மாறவில்லை. அந்தப் பாத்திகளில் விதை எடுத்தால் உறைமேல் இன்றைக்கும் எண் மட்டும்தான் எழுதுகிறோம் என்றாய். நானும் கேட்டேன். ஆதிரை ஏப்பம் விட்டாள். மறந்துவிட்டேன்.

மறக்காதது ஒன்றுதான். கூடத்தில் மாட்டியிருக்கிற அந்த வைத்தியர் மனைவியின் படம். போட்டோ எடுத்து அனுப்பினாய். வெளுத்த முகம், கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சுருக்குத் துணி, கண் இரண்டும் முழுக் கறுப்பு. "அந்தம்மா கண்ணப் பாரு. பெல்லடோனான்னு ஒரு வெஷச் செடி, அந்தச் சாற கண்ணுல ஊத்திக்குவாங்களாம். கண்ணுப் பாப்பா விரிஞ்சுக்கினு அழகா இருக்குமாம். நாம மை வெக்கறோம், அவங்க வெஷம் வெச்சிருக்காங்க. ஆனா கிட்ட நிக்கறவன் மூஞ்சியே மங்கலாத்தான் தெரியுமாம்டி. அப்பறம் எவன் மயங்கினான்னு எப்பிடித் தெரியும்?" நான் சிரித்த சிரிப்பில் ஆதிரை விழித்துக்கொண்டு அழுதாள்.

அவளுக்கு ஒரு வயது முடிவதற்குள் நீ போய்விட்டாய். பனி பெய்த காலை, சைக்கிள், திரும்பிய லாரி. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. தோட்டத்துக்காரர்கள் உன் பெட்டியை அனுப்பினார்கள். ராயக்கோட்டை வீட்டில் உன் அம்மா அதைத் திறந்து, மடித்த காகித உறை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மேலே உன் கையெழுத்தில் பதினேழு என்று எண். வேறொன்றும் இல்லை.

"நீயும் செடி படிச்சவதான சத்யா. மொளைக்க வெச்சுக் குடு. அவ கையால எடுத்த வெதை."

அதை நீ எங்களுக்காக எடுத்து வைத்தாயா, தோட்டத்து வேலைக்காக எடுத்தது சட்டைப் பையிலேயே தங்கி, அவசரத்தில் பெட்டிக்குள் வந்துவிட்டதா? நீ விஷ விதையை யாருக்கும் அனுப்புகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று மத்தியானத்திலிருந்து நூறு தடவை கேட்டுவிட்டேன்.

குளிர் நாட்டு விதை ஆயிற்றே என்று ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் வைத்திருந்து விதைத்தேன். இரண்டே இரண்டு முளைத்தன. ஒன்றை மத்திகிரி வீட்டின் பின்பக்கம் வைத்தேன். இன்னொன்றைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ராயக்கோட்டைக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். இலை மணத்தக்காளி மாதிரியே இருந்தது. நம் பக்கத்துச் சுக்குட்டி. "எம்பொண்ணு அங்க போயும் சுக்குட்டியத்தான் தேடிப் பிடிச்சிருக்கா பாரு" என்று அம்மா அன்று சிரித்தார். நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. நானும் ஆமாம் என்றேன்.

பூ வந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுக்குட்டிக்கு வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக. இது ஊதா மணி மாதிரி ஒவ்வொன்றாகத் தொங்கியது. பிளேடு அலமாரியில்தான் இருந்தது. ஆனால் உன் செடியிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து அறுக்க எனக்குக் கை வரவில்லை. வெளிநாட்டுச் சுக்குட்டி போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் எனக்கு அது செடியாகவே தெரியவில்லை, நீயாகத்தான் தெரிந்தது.

அதைவிட மோசம், ஆதிரைக்கு வாய்ப்புண் வரும்போதெல்லாம் வேலியோரத்துச் சுக்குட்டியில் கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்துத் தின்னக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். "பச்சையா இருந்தா தொடாத. கருப்பா இருந்தா தின்னு." என் வாயால் சொன்னேன். அவள் அப்படியே செய்திருக்கிறாள்.

காலை பதினொரு மணிக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. உடம்பு கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தண்ணீர் கேட்டாள், கொடுத்தால் விழுங்க முடியவில்லை. காற்றில் எதையோ பிடுங்கிப் பிடுங்கி எடுத்தாள். சுவரைப் பார்த்து "அப்பா, தூக்கு" என்றாள். அவர் கம்பெனியில் முதல் ஷிப்டில் இருந்தார். வீட்டுக்காரம்மா ஓடிவந்து பார்த்தார். "மகுகே திருஷ்டி ஆகிதே கணம்மா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, சுற்றிப் போட மிளகாய் எடுக்கப் போனார். நான் ஆதிரையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினேன்.

கண்ணில் பழுப்பு நிறமே இல்லை. முழுக் கறுப்பு. போன் விளக்கை அடித்தும் சுருங்கவில்லை.

எனக்கு அந்தப் படம் கண்முன் வந்தது. வெளுத்த முகம், சுருக்குத் துணி. உன் குரலும் வந்தது. மிளகாயோடு வந்த வீட்டுக்காரம்மாவை இடித்துக்கொண்டு ஓடினேன், ஆட்டோ பிடித்தேன்.

டியூட்டியில் இருந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். வழக்கத்தில் சுக்குட்டிப் பழம் என்று வாயில் வந்துவிட்டது.

"அதுல ஒண்ணும் ஆகாதும்மா. நானே சின்ன வயசுல தின்னுருக்கேன்."

"இல்ல டாக்டர், இது சுக்குட்டி இல்ல. நாந்தான் தப்பா நெனச்சுட்டன். வெளிநாட்டுச் செடி. பெல்லடோனா. கண்ணப் பாருங்க, கண்ணப் பாருங்க."

அவள் டார்ச்சை அடித்தாள். பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கண் டாக்டர்கள் கண்பாப்பாவை விரியவைக்க ஊற்றுவார்களே, அந்த மருந்தே இந்தச் செடியிலிருந்து வந்ததுதான் என்று பிறகு சொன்னாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கறுப்பாக எதையோ வயிற்றுக்குள் இறக்கினார்கள். கையைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். என் பிள்ளையின் காலை நானே அழுத்திப் பிடித்தேன். "எத்தனை பழம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை. நேற்று செடியில் எத்தனை இருந்தது என்று யார் எண்ணினார்கள்? ஆதிரையின் அப்பா கம்பெனியிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு செடியை வேரோடு பிடுங்கி, மிச்சமிருந்த பழத்தைக் கொண்டுவந்தார்; நர்ஸ்தான் இந்த டப்பாவில் போட்டு வைத்தாள்.

சாயங்காலம், தறிகெட்டு ஓடிய நெஞ்சுத் துடிப்பு நிதானத்துக்கு வந்தது. என்னை அம்மா என்று கூப்பிட்டாள். கண் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாளாகும், விடியும்வரை ஒயரோடு இருக்கட்டும் என்றாள் டாக்டரம்மா. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது. இன்னொரு செடி ராயக்கோட்டையில் இருக்கிறது. நானே கொண்டுபோய்க் கொடுத்தது.

உன் எண்ணுக்கு அடித்தேன். உன் போனை அம்மாதான் வைத்திருக்கிறார், உன் சிம்முக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜும் செய்கிறார். மண்டியில் தக்காளி பிரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"அம்மா, அந்தச் செடியில பூச்சி விழுந்திருக்குது. எடுத்துப் போட்டுடுங்க" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"பூச்சியெல்லாம் ஒண்ணுமில்ல. வேப்பெண்ண தெளிச்சு ஜம்முனு வெச்சிருக்கன். இந்த வருசம் காய் நெறைய. மோர்ல போட்டு வத்தல் காய வெச்சிருக்கன், ஒரு டப்பா."

"சாப்பிட்டீங்களா?"

"நான் எங்க தின்னன்? பாப்பாவுக்கு வாய்ப்புண்ணுன்னியே. மொதல்ல அவளுக்குன்னு எடுத்து வெச்சிருக்கன். ஞாயித்துக்கெழம கொண்டாறன்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "அம்மா, அது சுக்குட்டி இல்லம்மா. வெஷம். ஆதிரை தின்னுட்டா. ஆஸ்பத்திரியில இருக்கறோம்."

எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எம்பொண்ணு குடுத்ததா?" என்றார். "எம்பொண்ணு குடுத்தது உம்பொண்ண…" என்றார். போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு பத்து முறை கூப்பிட்டிருப்பேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. தனியாக இருக்கிறார், அந்தச் செடியோடும் அந்த டப்பாவோடும். வேண்டாததெல்லாம் மனதில் வருகிறது. "விடியறதுக்கு முன்னாடியே வண்டியில போயிட்டு வர்றன், நீ அழாத" என்கிறார் இவர். விடிவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

நான் உனக்கு எழுதுவதையெல்லாம் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார் என்று தெரியும். ஆனால் பதில் போடமாட்டார். "அவளுக்கு வந்ததுக்கு நான் எப்பிடிம்மா பதில் போடறது?" என்று ஒருமுறை என்னிடமே கேட்டிருக்கிறார். அதனால்தான் இன்றும் உன் பெயருக்கே எழுதினேன், எழுத எழுத அனுப்பினேன். இப்போது பார்க்கிறேன். மேலே அனுப்பியதற்கெல்லாம் ஒவ்வொன்றாக நீல டிக் விழுந்துகொண்டு வருகிறது.

நீ கொஞ்சம் தள்ளிக்கொள். உன் அம்மாவிடம் பேச வேண்டும்.

அம்மா, நான் சொல்ல வந்ததில் நீங்கள் பாதியைத்தான் கேட்டீர்கள். மீதியைக் கேளுங்கள். செடியை வைத்தது நான். பூவை அறுத்துப் பார்க்காதது நான். கறுத்த பழத்தைத் தின்னக் கற்றுக்கொடுத்ததும் நான். உங்கள் மகள் செய்தது ஒன்றுதான். யாரோ ஓர் அம்மாளின் கண்ணைப் பற்றி எனக்குக் கதை சொன்னாள். அது மட்டும் தெரியாமலிருந்தால் நான் இந்நேரம் காய்ச்சல் மாத்திரையை நுணுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மாவே கேட்டாள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. என் சிநேகிதி சொன்னாள் என்றேன். அவள் பேசியதெல்லாம் என் போனில் இருக்கிறது. அடுத்த வாரம் ஆதிரையோடு வந்து, ஒன்று விடாமல் உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அந்தச் செடி அவள் இல்லை அம்மா. நானும் அது அவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையில் பையை மாட்டிக்கொண்டு வேரோடு எடுத்துவிடுங்கள். வத்தலையும் சேர்த்து ஆழமாகப் புதைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எடுத்தாயிற்று என்று ஒரு வார்த்தை போதும். இது உங்களுக்கு எழுதியதுதான் அம்மா, அவளுக்கு இல்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.